உபாத்தியாயர் தோரோ

ஹென்றி டேவிட் தோரோ என்றதும் நம்மவர்க்கு முதலில் நினைவு வருவது சிறைச்சாலை. அடிமை முறையை ஆதரித்த சர்க்காருக்கு வரி செலுத்த மறுத்து, 1846-ல் ஓர் இரவு காவலில் இருந்தவர் அவர். அது குறித்து அவர் எழுதிய கட்டுரையைக் காந்திஜி தென்னாப்பிரிக்காவில் 1907-ல் தமது பத்திரிகை வாயிலாகப் பரப்பினார். அந்தச் சத்தியாக்கிரகி, அதற்கு முன்பே ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர் என்பதை நாம் மறந்து விடுகிறோம்.

அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்துக் கான்கார்டு என்ற சிற்றூரில் 1817-ல் பென்சில் செய்பவரின் மகனாகப் பிறந்த தோரோ, ஹார்வர்டில் பயின்று 1837-ல் சொந்த ஊர்ப் பள்ளியில் வேலை ஏற்றார். பிள்ளைகளை அடிக்காமலே பாடம் நடத்துவதைக் கண்ட நிர்வாகத்தார் ஒருவர், அடித்தே தீரவேண்டும் என்றார். கட்டளைப்படி சில மாணவரை அடித்த தோரோ, அன்று மாலையே ராஜினாமாக் கொடுத்தார். அவர் பதவி வகித்த காலம் சுமார் இரண்டு வாரம்!

மறு ஆண்டு அவரும் தமையனார் ஜானும் சேர்ந்து சொந்தப் பள்ளி நடத்தினர். அங்கே பிரம்புக்கு இடமில்லை. காடும் ஆறும் வகுப்பறைகளாயின. நிலமளக்கும் கருவியைக் கையில் கொடுத்துக் கணிதம் கற்பித்தார். ஆற்றங்கரையில் ஓரிடத்தைக் காட்டி, பூர்வகுடிகள் இங்கே தங்கியிருக்கக் காரணமென்ன என்று ஆராயச் செய்வார். பிறகு மண்வெட்டியுடன் வந்து தோண்டி, நெருப்பில் சிவந்த அடுப்புக் கற்களைக் காட்டி, மீண்டும் கவனமாக மூடிவிடுவார். ஜானின் நோயால் 1841-ல் பள்ளி மூடப்பட்டது, போதனை நிற்கவில்லை. காட்டுப் பழம் பறிக்கச் சென்ற அயலார் பிள்ளை ஒருவன் இடறி விழுந்து கூடையைக் கொட்டி அழுதபோது, சிறுவர்கள் இப்படிச் சிந்தினால்தான் அடுத்த பயிருக்கு விதை விழும் என்று அவனைத் தேற்றினார்.

குளிர்காலம் வந்தால் கதவடைத்து இருப்பவரல்லர் அவர். இலை உதிர்ந்த காட்டில் பறவைக் கூடுகள் புலப்படும். பனியில் நரியின் தடம் பதியும். கோடையில் கால் வைக்கவொண்ணாத சதுப்பின்மேல் நடந்து செல்லலாம். வால்டன் ஏரிக்கு அடியே இல்லையென்று ஊரார் நம்பி வந்தனர். 1846-ன் தொடக்கத்தில் தோரோ உறைந்த நீரில் துளையிட்டு, நூலில் கல்லைக் கட்டி நூறு இடங்களுக்கு மேல் ஆழம் பார்த்தார். மிகுந்த ஆழம் 102 அடி. பின்னாள் அளவைகளும் ஏறக்குறைய இதையே கண்டன. தலைமுறை தலைமுறையாக வந்த கட்டுக்கதையைத் தீர்க்க ஒரு கல்லும் ஒரு நூலுமே போதுமானவையாயின. பத்து வயதுச் சிறுவனும் செய்யக்கூடிய பரீட்சை அல்லவா இது?

இச்சிரத்தையே அவர் உயிருக்கும் உலை வைத்தது. 1860 டிசம்பரில், கடுங்குளிரில், வெட்டுண்ட மரங்களின் வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தவரைச் சளி பற்றியது. அது க்ஷயத்தைக் கிளப்ப, 1862 மே 6-ந் தேதி, 44-வது வயதில் காலமானார். செடிகள் பூத்த நாட்களை அவர் குறித்து வைத்த ஏடுகளோ இன்றும் பேசுகின்றன. அவற்றோடு ஒப்பிட்ட பாஸ்டன் சர்வகலாசாலையார், பூமி வெப்பமடைவதால் கான்கார்டில் மலர்கள் சராசரியாக ஒரு வாரம் முந்திப் பூப்பதை 2008-ல் வெளியிட்டனர்.

பிறர் சொல்லக் கேட்டதை நியாயஸ்தலம் சாட்சியமாக ஏற்பதில்லை. நமது பாடசாலைகளிலோ குழந்தை கற்பதில் பெரும்பகுதி கேள்விச் சாட்சியமே. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் பிரம்பைத் தடுத்து விட்டது. தோரோவின் போதனையில் இது பாதி. குழந்தைகளைக் கதவுக்கு வெளியே அழைத்துச் சென்று, கல்லையும் நூலையும் அவர்கள் கையில் கொடுப்பது மறுபாதி. அதற்குச் சட்டம் தேவையில்லை; மனமுள்ள உபாத்தியாயர் போதும்.