நாற்பத்திரண்டு மலை, ஒரே நாள்!



நம் சுவர்ப் பத்திரிகையில் தலைவர்கள், விஞ்ஞானிகள் வரலாறு நிறைய வந்துவிட்டது. அதனால் இந்தத் தடவை நான் ஒரு மலை ஓட்டக்காரரைப் பற்றி எழுதுகிறேன். அவர் ஒலிம்பிக்கில் ஓடியவர் இல்லை. பெரிய படிப்பாளியும் இல்லை. தங்கும் விடுதி நடத்தி வந்த சாதாரண மனிதர். பெயர் பாப் கிரஹாம்.

இங்கிலாந்து நாட்டின் வடமேற்கில் லேக் டிஸ்ட்ரிக்ட் என்று ஒரு பகுதி இருக்கிறது. பெயருக்கு ஏற்ற மாதிரி ஏரிகள் நிறைந்த இடம். ஏரிகளைச் சுற்றி மலைகள். இங்கிலாந்திலேயே உயரமான ஸ்காஃபெல் பைக் மலையும் (978 மீட்டர்) அங்கேதான் உள்ளது. அங்குள்ள கெஸ்விக் என்ற சிற்றூர்க்காரர்தான் நம் பாப் கிரஹாம். 1889இல் பிறந்தார். மது குடிக்க மாட்டார், இறைச்சி சாப்பிட மாட்டார்.

24 மணி நேரத்தில் எத்தனை மலை உச்சிகளைத் தொட முடியும் என்று அந்த ஊர்ப் பக்கம் ஒரு போட்டி ரொம்ப நாளாகவே இருந்தது. 1905இல் வேக்ஃபீல்டு என்ற டாக்டர் ஒரு சாதனை செய்தார். பின்னால் 1922இல் எவரெஸ்ட் போன குழுவிலும் இவர் இருந்தார். அப்படிப்பட்டவர்கள் செய்ததைத் தாண்ட வேண்டும் என்று விடுதிக்காரர் ஆசைப்பட்டார். வயதோ நாற்பதைத் தாண்டிவிட்டது! குறித்த இலக்கு 42 உச்சிகள்.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 24 மணி என்றால் 1440 நிமிடம். அதை 42ஆல் வகுத்தால் ஒரு உச்சிக்குச் சுமார் 34 நிமிடம்தான் வருகிறது. ஏறுவது, இறங்குவது, சாப்பிடுவது, மூச்சு வாங்குவது எல்லாம் அதற்குள்ளேயே! மொத்த தூரம் சுமார் 106 கிலோமீட்டர். 200 மீட்டர் ட்ராக்கில் 530 சுற்று ஓடுவதற்குச் சமம். ஏறுகிற உயரத்தை எல்லாம் கூட்டினால் சுமார் 8200 மீட்டர். எவரெஸ்ட் உயரமே 8848தான், பாருங்க!

கால் பலம் மட்டும் இருந்தால் இது நடக்காது. திட்டம் வேண்டும். கிரஹாமிடம் எனக்கு ரொம்பப் பிடித்ததே இதுதான்.

முதலில் பாதை. ஒவ்வொரு மலையாக அடிவாரத்துக்கு இறங்கி மறுபடி ஏறினால் நாள் போதாது. அதனால் மலைத்தொடரில் ஒரு தடவை ஏறிவிட்டு, மேலேயே உச்சிக்கு உச்சி போக வேண்டும். ஹெல்வெலின் மலைத்தொடரில் இப்படித்தான் வரிசையாகப் பல உச்சிகள் கிடைக்கும். வந்த வழியே திரும்பாமல் ஒரு பெரிய வட்டம். கெஸ்விக்கில் கிளம்பிக் கெஸ்விக்கிலேயே முடிய வேண்டும்.

இரண்டாவது பயிற்சி. அந்த மலைகளை எல்லாம் முன்கூட்டியே நடந்து பழகினார். ரப்பர் ஷூ தேய்ந்துவிடக் கூடாதே என்று வெறுங்காலோடு நடந்தாராம்! அப்படி நடந்து பழகினால்தான் பனிமூட்டம் வந்தாலும் வழி தப்பாது.

மூன்றாவது நாள் குறிப்பது. ஜூன் மாதத்தில் அங்கே பகல் ரொம்ப நீளம், இரவு குறைவு. அதனால் இருட்டில் தடுமாறும் நேரமும் குறையும்.

நான்காவது துணை. நண்பர்கள் முறை வைத்து மாறி மாறிக் கூட வந்தார்கள்.

1932 ஜூன் 13, 14 தேதிகளில் அந்த ஓட்டம் நடந்தது. காலில் டென்னிஸ் ஷூ, அரைக்கால் சட்டை, மேலே பைஜாமா சட்டை. சாப்பாடு ரொட்டியும் வெண்ணெயும், அரைவேக்காட்டு முட்டை, பழம், மிட்டாய். இவ்வளவுதான்! ஸ்கிடா, பிளென்காத்ரா, ஹெல்வெலின், ஸ்காஃபெல் பைக், கிரேட் கேபிள் என்று ஒவ்வொன்றாக முடித்து 23 மணி 39 நிமிடத்தில் கெஸ்விக் வந்து சேர்ந்தார். மிச்சம் இருந்தது வெறும் 21 நிமிடம். ஒரு இடத்தில் வழி தப்பியிருந்தால் அத்தனை உழைப்பும் வீணாகியிருக்கும்.

28 வருஷம் யாராலும் இதை மறுபடி செய்ய முடியவில்லை. 1960இல்தான் ஆலன் ஹீட்டன் என்பவர் செய்து முடித்தார். அதைத் தெரிந்துகொள்ள கிரஹாம் உயிரோடு இருந்தார். 1966இல் காலமானார். ஆஷ்னஸ் பாலம் அருகே அவருக்கு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள்.

1971இல் அவர் பெயரில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. 24 மணிக்குள் முடித்தவர்கள் மட்டுமே உறுப்பினர் ஆகலாம். இன்று 2000 பேருக்கு மேல் முடித்துவிட்டார்கள். ஒவ்வொரு உச்சியிலும் கூட ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும் என்பது விதி. திரெல்கெல்ட், டன்மெயில் ரைஸ், வாஸ்டேல் ஹெட், ஹானிஸ்டர் என்று நாலு இடத்தில் ரோடு வந்து தொடும். அங்கே சாப்பிட்டு, துணைக்கு ஆள் மாற்றிக்கொண்டு கிளம்புவார்கள்.

தோழிகளே, இது நமக்கு! 1977இல் ஜீன் டாஸ் என்ற பெண் 24 மணிக்குள் முடித்து, முதல் பெண் என்று பெயர் வாங்கினார். 2020இல் பெத் பாஸ்கல் என்பவர் 14 மணி 34 நிமிடத்தில் முடித்தார். கிரஹாமைவிட ஒன்பது மணி நேரம் முன்னாடி!

நான் 1500 மீட்டர் ஓடுகிறேன். “ஒன்பதாவது வந்தாச்சு, பொம்பளப் பிள்ளைக்கு இன்னும் ஓட்டம் எதுக்கு?” என்று எங்கள் அப்பத்தா கேட்கும். இந்தக் கதையை அப்பத்தாவிடமும் சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டு, “அந்தப் பொம்பள என்ன சாப்பிட்டா?” என்று மட்டும் கேட்டது. அப்புறம் ஓடாதே என்று சொல்லவில்லை. அது போதும் எனக்கு.

வட்டாரப் போட்டிக்கு நானும் இப்போது ஒரு நோட்டில் திட்டம் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் பிரித்துவிட்டேன். நண்பர்கள் இல்லாமல் கிரஹாமே முடிக்கவில்லை. சாயங்காலம் கூட ஓடி, கடிகாரம் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம்!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி