கல்லின் பெயரும் தூசியின் கணக்கும்

ஏற்காட்டின் தூய திரித்துவ ஆலயத்தில் இராபர்ட் புரூஸ் ஃபுட்டின் நினைவிடம் உள்ளது. இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை எனப் போற்றப்படும் அவரது வாழ்வை, சேர்வராயன் மலையின் கல்லை உடைத்தோரின் வாழ்வோடு சேர்த்தே வாசிக்க வேண்டியிருக்கிறது.

1834இல் இங்கிலாந்தில் பிறந்த ஃபுட், 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். வில்லியம் கிங்குடன் இணைந்து சேலம், திருச்சி, தஞ்சை, தென்னாற்காடு பகுதிகளின் நிலவியலை ஆவணப்படுத்தினார். சேலத்தின் வெள்ளைக்கல் படிவுகளும் அதில் இடம்பெற்றன. 1891இல் ஓய்வு பெற்றபின் ஏற்காட்டைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். அவர் திரட்டிய தொல்பொருள்களைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904இல் பெற்றது. 1912 டிசம்பரில், 78ஆம் வயதில் கல்கத்தாவில் காலமானார். அவரது சாம்பல் ஏற்காட்டுக்கே திரும்பியது.

அவர் பதிவு செய்த வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், எஃகு உலைகளுக்கான வெப்பம் தாங்கும் செங்கற்களுக்காக மலையடிவாரத்தில் பெருமளவில் வெட்டப்பட்டது. மலைமேல் எடுத்த பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்றது. துளையிடுதல், வெடிவைத்தல், உடைத்தல், சலித்தல், சுடுதல் என ஒவ்வொரு கட்டத்திலும் தூசி எழுகிறது.

கண்ணுக்குத் தெரியும் தூசியைவிட, 10 மைக்ரானுக்கும் சிறிய துகளே ஆபத்தானது. மூக்கும் தொண்டையும் அதைத் தடுப்பதில்லை. தொடர்ந்து சுவாசித்தால் மூச்சுக்குழாய் அழற்சி நிலைக்கிறது. குவார்ட்சு கலந்த பாறையின் தூசியாயின் நுரையீரல் தழும்பேறிச் சிலிகோசிஸ் உண்டாகிறது. அதற்குத் தீர்வான மருந்தில்லை. காசநோய்க்கும் அது வழிவிடுகிறது. பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்குப் பின்பே அது வெளிப்படுவதால், மூச்சு திணறும் நாளில் வேலையும் இருப்பதில்லை, வேலை செய்ததற்கான சான்றும் இருப்பதில்லை. பலர் காசநோயாளிகளாகவே கணக்கில் எழுதப்படுகின்றனர்.

இந்நாட்டில் யார் கல்லுடைப்பது என்பதைச் சாதியே நெடுங்காலம் தீர்மானித்து வந்துள்ளது. ஆகவே இது மருத்துவச் சிக்கல் மட்டுமன்று. ஃபுட் பாறையைப் படித்தார். 1943இல் தொழிலாளர் துறை உறுப்பினராகத் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கிய அண்ணல் அம்பேத்கர், பாறையை வெட்டுவோரின் நிலையைப் பார்த்தார். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சிலிகோசிஸை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. கல்நார்த் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல், உடல்நலப் பதிவேடுகளைக் குறைந்தது 40 ஆண்டுகள் பேண வேண்டுமென ஆணையிட்டது; தொழிலாளரின் உடல்நலத்தை வாழ்வுரிமையின் பகுதியாகவும் அறிவித்தது.

ஒப்பந்தத் தொழிலாளரின் பெயரே வருகைப்பதிவேட்டில் இல்லாதபோது அந்த உரிமை வெறும் தாளாகிவிடுகிறது. ஃபுட் தாம் எடுத்த ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணிட்டு, கிடைத்த இடத்தைக் குறித்து, அட்டவணைப்படுத்தினார். கல்லுக்குக் கிடைத்த அந்தப் பதிவு, அதை உடைத்தவரின் நுரையீரலுக்கும் வேண்டும். பணியேற்பின்போதும் பணிவிலகிய பின்னும் மார்பு ஊடுகதிர்ப் பரிசோதனை, அதன் நகல் தொழிலாளரின் கையில், ஒப்பந்தத் தொழிலாளருக்கும் பணிச்சான்று. சேர்வராயன் மலையடிவாரத்தில் நாம் எழுப்ப வேண்டிய முதல் கோரிக்கைகள் இவையே.