பழங்கல் போற்றிய பெருமாட்டி

காவிரி நாட்டுத் திருக்கோயில்களை வலம் வருவோர், கருவறைப் புறச்சுவரின் கோட்டங்களில் விளங்கும் தெய்வத் திருவுருவங்களைக் கண்டு கைகூப்புவர். அச்சுவரிலே வரிவரியாகப் பொறிக்கப்பட்டிருக்கும் எழுத்துக்களை நின்று நோக்குவோர் சிலரே. அவ்வெழுத்துக்களையும் இறைவனுக்குரிய செல்வமாகவே எண்ணிக் காத்த பேரரசி ஒருவர் ஆயிரம் ஆண்டுகட்கு முன் இந்நாட்டில் வாழ்ந்தார். அவர் கண்டராதித்த சோழரின் தேவியாராகிய செம்பியன் மாதேவியார்.

அம்மையார் மழவரையர் குடியிற் பிறந்தவர். கேட்டை அவர் பிறந்த நாண்மீன். முதற் பராந்தக சோழரின் மருமகளாய் அவர் புகுந்த இல்லம் சிவபத்தியில் திளைத்த இல்லம். மாமனார் தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்தவர். கணவரோ முடி சூடியும் அடியார் நெறி நின்று, தில்லைக் கூத்தன்மீது திருவிசைப்பாப் பாடியவர். அப்பாடல் ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்று இன்றும் ஓதப்பெறுகின்றது. பராந்தகரின் 34ஆம் ஆட்சியாண்டாகிய 941ஆம் ஆண்டளவிலேயே, இறைவன் திருமுன் நந்தாவிளக்கு எரிய அம்மையார் அறம் வைத்தார் என்பது கல்வெட்டால் விளங்குகின்றது. இல்லற வாழ்வின் தொடக்கத்தில் ஏற்றிய அவ்விளக்கு, அவருடைய அறுபதாண்டுத் தொண்டுக்குத் தோற்றுவாய் ஆயிற்று.

957ஆம் ஆண்டளவில் கண்டராதித்தர் இறைவனடி சேர்ந்தார். மைந்தர் மதுராந்தகர் அப்போது சிறு குழவி. அரசுரிமை கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயரின் வழிக்குச் சென்றது. இளவரசர் ஆதித்த கரிகாலர் கொலையுண்ட பெருந்துயரும் சோழர் குடியை வாட்டியது. அதன்பின்னர் 970ஆம் ஆண்டை ஒட்டி மதுராந்தகர் உத்தம சோழர் என்னும் பெயருடன் அரியணை ஏறினார். கணவரை இழந்த துயரையும் அரசியலின் அலைகளையும் ஒருங்கே தாங்கிய அம்மையார், தம் பொருளையும் செல்வாக்கையும் திருக்கோயிற் பணிக்கே உரியவாக்கினார்.

மூவர் முதலிகள் பாடிப் பரவிய தலங்களுட் பல அக்காலத்தில் செங்கல்லாலும் சுண்ணத்தாலும் ஆகியவை. ஆண்டுதோறும் பெய்யும் மழையில் சுண்ணம் கரையும். பறவைகள் இட்ட வித்து விமானத்தில் முளைத்து, ஆலும் அரசுமாய் வேரோடிச் செங்கல்லைப் பிளக்கும். பாடல் நிலைத்து நிற்க, பாடப்பெற்ற கோயில் அழிந்துபடும் நிலைமை. இதனைக் கண்ட அம்மையார், பழைய தளிகளைக் கருங்கல்லாற் புதுக்கும் பெரும்பணியை மேற்கொண்டார். காவிரியின் வண்டல் நிலத்தில் பாறை இல்லை. கல் யாவும் வெளியிலிருந்தே வந்தாக வேண்டும். அவ்வருமையை எண்ணுவோர்க்கு இப்பணியின் பெருமை நன்கு விளங்கும்.

கோனேரிராசபுரம் என இன்று வழங்கும் திருநல்லத்தில், மைந்தர் ஆட்சியிலே, தம் கணவர் திருப்பெயரால் அம்மையார் கற்றளி எடுப்பித்தார். கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் கோலம் அங்கே புடைப்புச் சிற்பமாக அமைந்துள்ளது. அத்திருப்பணியை முன்நின்று முடித்த ஆலத்தூர்ச் சாத்தன் குணபத்தனுக்கு இராசகேசரி மூவேந்தவேளான் என்னும் சிறப்புப் பெயர் கிடைத்தது. பணி செய்வித்தவர் பெயரோடு பணி செய்தவர் பெயரும் அக்கோயிற் கல்லில் நிலைபெற்றது.

அம்மையாரின் உள்ளத்தை முழுதும் உணர வேண்டுவோர் திருக்கோடிகாவுக்குச் செல்லுதல் வேண்டும். அங்கும் பழைய கோயிலைக் கல்லாற் புதுக்கத் தொடங்கியபொழுது, முன்னோர் அளித்த அறங்களைக் குறிக்கும் எழுத்துக் கற்கள் பல கிடந்தன. அவற்றுள் சில பல்லவர் காலத்தன. சோழர் ஆட்சி தோன்றுமுன் ஆண்ட வேற்றுக்குல மன்னர்தம் பெயர்கள் அவற்றில் இருந்தன. புதிய கோயிலுக்கு அக்கற்கள் தேவையில்லை. அவற்றை அடித்தளத்துள் இட்டு மூடியிருந்தாலும் கேட்பார் ஒருவரும் இலர்.

ஆயினும் அம்மையார் அவ்வாறு செய்யவில்லை. பழங்கற்களில் உள்ளவற்றைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுமாறு பணித்தார். இதுவும் பழைய கல்லொன்றின் படியே என்னும் குறிப்பு அச்சாசனங்களின் தலைப்பிலே அமைந்துள்ளது. அவ்வாறு உயிர்பெற்றவற்றுள் ஒன்று, நிருபதுங்க பல்லவரின் தேவியார் வீரமகாதேவியார் இரணியகருப்பமும் துலாபாரமும் புகுந்து, அப்பொன்னில் ஒரு பகுதியைத் திருக்கோடிகாவுடையார்க்கு அளித்த அறமாகும். ஒரு குலத்து அரசியின் கொடை, மற்றொரு குலத்து அரசியின் கருணையால் மறைந்து போகாது நின்றது. படியெடுக்கப்பட்ட கற்கள் கழிந்தொழிந்தன. அவை தாங்கிய சொற்கள் ஒழியவில்லை.

இச்செயலின் ஆழத்தை உணர, அக்கால அறக்கட்டளையின் இயல்பை அறிதல் வேண்டும். ஒருவர் விளக்குக்கெனப் பொன் கொடுத்தால் ஊர்ச்சபை அதனை ஏற்று, அதன் பலிசையிலிருந்து எண்ணெய் அளந்து வரும். ஆடுகள் கொடுத்தால் இடையர் அவற்றைப் பேணி, நாள்தோறும் நெய் அளப்பர். கொடுத்தவர் மறைவர். ஏற்றவரும் மறைவர். அவர்தம் வழியினர் அக்கடனை மறவாது செலுத்துதற்குச் சான்றாக நிற்பது அக்கல் ஒன்றே. கல் அழியின் கடமை மறக்கப்படும். கடமை மறக்கப்படின் விளக்கு அவியும். ஆகவே பழைய கல்வெட்டைக் காத்தல் வெறும் எழுத்தைக் காத்தல் அன்று. என்றோ ஒருவர் இறைவன்முன் செய்த உறுதியைக் காத்தலாகும். தாம் இன்று பொறிக்கும் சாசனத்தைப் பின்வருவோர் மதிக்க வேண்டுமாயின், முன்னோர் சாசனத்தைத் தாம் மதித்தல் முறையென அம்மையார் கருதினார் போலும்.

தென்குரங்காடுதுறை, திருமுதுகுன்றம், திருத்துருத்தி, திருமணஞ்சேரி, ஆனாங்கூர், திருவாரூர் அரநெறி முதலிய தலங்களிலும் அம்மையாரின் திருப்பணிகள் தொடர்ந்தன. திருமுதுகுன்றத்தில் கருவறையோடு நில்லாமல், பரிவார தேவர் கோயில்களும் திருச்சுற்றாலையும் அமைந்தன. அவர் எடுப்பித்த கற்றளிகளில் கோட்டத் திருவுருவங்கள் பெருகின. தென்புறக் கோட்டமொன்றில் ஆடவல்லான் திருவுருவம் இடம்பெறும் வழக்கும் அவற்றில் சிறப்புற்றது. கணவர் பாடிய கூத்தப்பெருமானைச் சோழநாட்டு ஊர்களின் சுவர்தோறும் அம்மையார் எழுந்தருளச் செய்தார் எனலாம்.

985ஆம் ஆண்டில் உத்தம சோழரின் ஆட்சி முடிவுற, முதலாம் இராசராசர் முடி சூடினார். மகனது ஆட்சி முடிந்தபின்னும் அம்மையாரின் திருப்பணி நிற்கவில்லை. பாட்டி முறையினராகிய அவருக்கு இராசராசர் ஆட்சியிலும் உரிய பெருமை இருந்தது. 1001ஆம் ஆண்டளவில், இராசராசரின் 16ஆம் ஆட்சியாண்டில், திருவக்கரையில் அம்மையார் கற்றளி எடுப்பித்த செய்தி கிடைக்கின்றது. முதல் விளக்கு வைத்த 941ஆம் ஆண்டிலிருந்து அறுபதாண்டுகள் அப்போது நிறைந்திருந்தன.

அவர் பெயரால் அமைந்த செம்பியன் மாதேவி என்னும் ஊரில், கைலாசநாதர் திருக்கோயிலில் அவருடைய கேட்டைத் திருநாளைக் கொண்டாட அவர்தம் மருமகளார் அறக்கட்டளைகள் வைத்தனர். 1019ஆம் ஆண்டளவில், முதலாம் இராசேந்திரர் காலத்தில், அம்மையாரின் திருவுருவம் அங்கே எழுந்தருளுவிக்கப்பெற்றது. இறைவனுக்கு இல்லம் அமைத்தவர் இறைவன் இல்லத்திலேயே இடம்பெற்றார்.

இவ்வனைத்தினும் சிறந்த நினைவுச் சின்னம் திருமழபாடியில் உள்ளது. மழவர் நாட்டுத் தலமாகிய அதன் விமானத்தைப் புதுப்பிக்குமாறு தம் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்ட இராசராசர், பழைய சுவர்களைப் பிரிக்குமுன் அவற்றில் உள்ள கல்வெட்டுக்களைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் செய்தார். கோயிற்பணி நிறைவெய்தியபின், இராசேந்திரரின் 14ஆம் ஆட்சியாண்டில், அவை புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கப்பெற்றன. திருக்கோடிகாவில் பேரரசி காட்டிய நெறி, அவர் காலத்துக்குப் பின்னும் பிறந்த நாட்டிலே பேணப்பெற்றமைக்கு இஃது ஏற்ற சான்று.

குடமுழுக்குக்கென விமானம் புதுக்கப்பெறும் ஒவ்வொரு காலத்தும், உளி முதலில் தொடுவது முன்னோர் வைத்த கல்லையே. புதுமை செய்யும் ஆர்வத்தில் அக்கல்லின் எழுத்தைச் சிதைப்பதும், சுண்ணம் பூசி மறைப்பதும், பெயர்த்தெறிவதும் எளிது. படித்து, படியெடுத்து, இருந்த இடத்திலேயே பேணுதல் அரிது. அரியதைச் செய்தமையால் செம்பியன் மாதேவியார் பெரியர் ஆயினார். பழைய அடியார் ஏற்றிய விளக்கு அவியாமல் காத்துப் புதிய விளக்கை ஏற்றுவதே நிறைவான திருப்பணி என்பதை அப்பெருமாட்டியின் வாழ்வு உணர்த்தி நிற்கின்றது.