ஆறு புள்ளிகளில் அறிவுலகைத் திறந்த லூயி பிரெயில்

ஆண்டுதோறும் ஜனவரி மாதம் 4 ஆம் திகதி உலக பிரெயில் தினமாக அனுஷ்டிக்கப்படுகின்றது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் தீர்மானத்துக்கு அமைய 2019 முதல் நினைவுகூரப்படும் இத்தினம், லூயி பிரெயில் பிறந்த நாளாகும். அவரது பெயரை நம்மில் பலர் அறிவோம். ஆனால், அவர் உருவாக்கிய எழுத்துமுறை அவர் கற்பித்த பாடசாலையிலேயே தடை செய்யப்பட்டிருந்ததை அறிந்தோர் சிலரேயாவர்.

1809 இல் பிரான்ஸின் குப்வ்ரே கிராமத்தில் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவரின் கடைசிப் பிள்ளையாக லூயி பிறந்தார். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடுகையில், தோல் துளைக்கும் குத்தூசி அவரது கண்ணைக் காயப்படுத்தியது. தொற்று மறு கண்ணுக்கும் பரவவே, ஐந்து வயதளவில் பார்வையை முற்றாக இழந்தார். எனினும் பெற்றோர் அவரை வீட்டில் முடக்கி வைக்கவில்லை. ஊர்ப் பாடசாலையில் ஏனைய பிள்ளைகளுடன் அமர்ந்து, கேட்டே கற்றார். 1819 இல் பாரிஸ் நகரிலுள்ள பார்வையற்றோர் பாடசாலையில் சேர்ந்தார்.

அப்பாடசாலையை நிறுவிய வலன்டைன் ஹாவி, சாதாரண எழுத்துகளையே தடித்த தாளில் மேடாகப் பதித்து நூல்களாக்கியிருந்தார். அவை பாரமானவை, எண்ணிக்கையில் மிகச் சிலவே. ஒவ்வோர் எழுத்தின் வடிவத்தையும் விரலால் தடவி இனங்காண நெடுநேரம் பிடித்தது. அம்முறையில் மாணவர் தம் கையால் எழுதவும் வழியிருக்கவில்லை.

1821 இல் சார்ல்ஸ் பார்பியே என்பவர் புள்ளிகளால் எழுதும் முறையொன்றை அப்பாடசாலைக்கு அறிமுகப்படுத்தினார். பன்னிரண்டு புள்ளிகள் கொண்ட அவரது கட்டம் விரல் நுனியில் அடங்கவில்லை. ஒலிகளை மாத்திரமே குறித்ததால் எழுத்துக்கூட்டலுக்கும் இடமிருக்கவில்லை. சிறுவன் லூயி அதனை ஆறு புள்ளிகளாகச் சுருக்கி, 1824 இல், தமது 15 ஆவது வயதில், புதிய முறையொன்றை வகுத்தார். ஒரே தொடுகையில் உணரத்தக்க அக்கட்டத்தில் 63 குறியீடுகள் அமையும். 1829 இல் அதனை நூலாக வெளியிட்டார். தம் பார்வையைப் பறித்த குத்தூசியை ஒத்த கருவியினாலேயே அப்புள்ளிகள் இடப்பட்டன.

அப்பாடசாலையிலேயே ஆசிரியரான அவர், தேவாலயத்தில் ஓர்கன் வாத்தியக் கலைஞராகவும் விளங்கினார். ஆயினும், 1840 இல் பொறுப்பேற்ற புதிய அதிபர் புள்ளி எழுத்தைத் தடை செய்தார். பார்வையுள்ளோர் வாசிக்கும் எழுத்து வடிவமே பார்வையற்றோருக்கும் உரியது என்று கருதப்பட்டது. வாசிக்க வேண்டியவர்களின் விரல்களிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. மாணவர்களோ இரகசியமாக அதனையே பயன்படுத்தினர். அவர்களது உறுதியின் முன் தடை நிலைக்கவில்லை. 1844 இல் பாடசாலையின் புதிய கட்டடத் திறப்பு விழாவிலேயே அம்முறை பகிரங்கமாகச் செய்து காட்டப்பட்டது.

காசநோயால் நீண்டகாலம் வருந்திய பிரெயில், 1852 ஜனவரி 6 ஆம் திகதி, 43 ஆவது வயதில் காலமானார். பிரான்ஸ் அவரது முறையை உத்தியோகபூர்வமாக ஏற்றது 1854 இலேயே. நூறாண்டுகளின் பின்னர், 1952 இல், அவரது உடல் தேசப் பெருமக்கள் துயிலும் பாரிஸ் பந்தியோனுக்குக் கொண்டு செல்லப்பட்டது.

இன்று அப்புள்ளிகள் நமது மொழிகளையும் பேசுகின்றன. தமிழின் ககர மெய்யொலிக்கும் அரபு மொழியின் காஃப் எழுத்துக்கும் ஒரே குறியீடே உள்ளது. வலமிருந்து இடமாக எழுதப்படும் அரபு, பிரெயிலில் இடமிருந்து வலமாக வாசிக்கப்படுகின்றது. திருக்குர்ஆனும் பிரெயிலில் வெளிவந்துள்ளது. நமது நாட்டில் 1912 இல் மேரி சப்மன் அம்மையார் ஆரம்பித்த, இரத்மலானையில் இயங்கும் பாடசாலை, பார்வையற்ற பிள்ளைகளின் கல்விக்கு வழி திறந்தது.

ஆயினும், நாம் வெளியிடும் நூல்களுள் எத்தனை பிரெயிலிலோ ஒலிவடிவிலோ கிடைக்கின்றன? பாடநூல் கைக்கு வருமுன்னரே தவணை முடிந்துவிடுமாயின், அப்பிள்ளைக்கு எழுத்து இருந்தும் பயனில்லை. ஒவ்வொரு நூலும் அச்சேறும்போதே அதன் பிரெயில் வடிவத்தையும் தயாரிப்பதே பிரெயிலுக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.