யார் இந்த வில்லியம் ஹாட்ஜஸ்? புயலை வரைந்த ஓவியர் சென்னையில் சிக்கிய கதை!

ராயபுரம் பக்கம் போனால் ராட்சத கன்டெய்னர் கப்பல்களைப் பார்க்கலாம். ஆனால் 1780-ல் சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நின்றுவிடும். ஆணியே அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகில் ஏறி, அலைகளைத் தாண்டித்தான் கரைக்கு வரணும். துடுப்பு போட்டவர்கள் நம்ம ஊர் கடலோர மக்கள்தான்.

அப்படி வந்து இறங்கியவர்தான் ஹாட்ஜஸ். இந்தியாவுக்கு வந்த முதல் தொழில்முறை பிரிட்டிஷ் இயற்கைக் காட்சி ஓவியர்.

1744-ல் லண்டனில் ஒரு கொல்லர் வீட்டில் பிறந்தவர். பிரபல ஓவியர் ரிச்சர்ட் வில்சனிடம் தொழில் கற்றார். 1772-ல் கேப்டன் குக்கின் இரண்டாவது உலகப் பயணத்தில் ஓவியராகச் சேர்ந்தார். மறு ஆண்டு மே மாதம், நியூசிலாந்து அருகே கப்பலைச் சுற்றி நீர்ச்சுழல் தூண்கள் எழும்பின. 1776-ல் அதைப் பெரிய ஓவியமாக்கினார். கருத்த வானம், கடலுக்கும் மேகத்துக்கும் நடுவே நீர்த்தூண், தத்தளிக்கும் கப்பல், ஓரமாகப் பாறை மேல் மாவோரி மக்கள். புயல்தான் அங்கே ஹீரோ. மனிதர்கள் சின்னதாகத்தான் தெரிவார்கள்.

சென்னையில் அவருக்கு வேறொரு புயல் காத்திருந்தது. ஊர் ஊராகப் போய் வரையலாம் என்று வந்தவர், கோட்டையைச் சுற்றியே முடங்கிப்போனார். காரணம், 1780 ஜூலையில் ஹைதர் அலியின் படையெடுப்பு. சுற்றுவட்டார கிராம மக்கள் கைக்குழந்தையும் மூட்டையுமாக நகரத்துக்குள் ஓடி வந்ததை நேரில் பார்த்தார். 1793-ல் வெளியான தன் பயண நூலில் அதை எழுதியும் வைத்தார். போதாக்குறைக்கு உடம்பும் சரியில்லை. 1781-ல் கல்கத்தாவுக்குக் கிளம்பிவிட்டார்.

அங்கே வாரன் ஹேஸ்டிங்ஸின் ஆதரவு கிடைத்தது. கங்கையில் புயலில் சிக்கிய ஹேஸ்டிங்ஸ் மனைவியின் படகை 1790-ல் வரைந்தார். அதிலும் பாறை, சீறும் தண்ணீர், நடுவே மனிதர்கள்.

கடைசியில் அவரைக் கவிழ்த்தது கடல் இல்லை, அரசியல். 1794-ன் இறுதியில் லண்டனில் கண்காட்சி வைத்தார். அமைதியின் பலன், போரின் விளைவு என இரண்டு ஓவியங்கள். பிரான்ஸுடன் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. பார்க்க வந்த மன்னர் மகன் யார்க் கோமகனுக்குப் பிடிக்கவில்லை, கண்காட்சியை மூடவைத்தார். சென்னையில் அகதிகள் கூட்டத்தைக் கண்ணால் பார்த்தவருக்கு, போரை வரைய அனுமதி இல்லை!

படங்களை அடிமாட்டு விலைக்கு விற்றார். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, டார்ட்மவுத்தில் ஒரு வங்கியில் பங்குதாரர் ஆனார். 1797-ல் அதுவும் திவால். அதே ஆண்டு மார்ச் 6-ம் தேதி இறந்தபோது அவருக்கு வயது 52.