போப்பையரின் முதுமைத் தொண்டு

1820-இல் பிறந்த ஜி. யு. போப்பையர், 1839-இல் கிறித்துவ சமயத் தொண்டராய்த் தமிழகம் போந்தார். சமயப்பணியும் கல்விப்பணியும் ஆற்றி ஓய்ந்து இங்கிலாந்து மீண்டபின்னரே அவர்தம் பெருந்தொண்டு தொடங்கிற்று. 1884 முதல் ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்தார். ஆங்கிலத்தில் திருக்குறளை 1886-லும், நாலடியாரை 1893-லும் வெளியிட்டார்.

திருவாசகத்தை மொழிபெயர்க்கக் கருதியபோது, அது முற்றுங்காறும் தாம் உயிர்வாழ்தல் கூடுமோ என ஐயுற்றார். பேரறிஞர் ஜோவெட்டு, பெரும்பணியொன்றைக் கைக்கொண்டிருத்தலே நெடிது வாழும் வழியென்றும், அது முடியுமட்டும் வாழ்வாரென்றும் தேற்றினார். தேற்றியவர் 1893-இல் மறைந்தார். நூலோ, போப்பையருக்கு எண்பதாண்டு நிரம்பிய 1900-இல் வெளிவந்தது. 1908 வரை அவர் வாழ்ந்தார்.

உத்தியோகத்தினின்று ஓய்ந்த அன்பர்காள்! ஒழிந்தது ஊதியத்துக்குரிய வேலையேயன்றித் தொண்டன்று. பிற சமயத்தவராகிய ஒரு முதியவர் நம் திருவாசகத்துக்கு ஈந்த அக்காலத்தை, நாம் எதற்கு ஈகின்றோம் என்று ஆராய்வோமாக.