எதிரே உட்கார்ந்திருப்பவர் ஹன்னிபால்!

குட்டீஸ்... செஸ், தாயம், கேரம் எல்லாம் விளையாடி இருப்பீர்கள். மேஜைப் போர் விளையாட்டு பற்றித் தெரியுமா?

பெரிய மேஜை மீது மலை, ஆறு, காடு எல்லாம் அமைத்திருப்பர். சின்னச் சின்ன பொம்மை வீரர்களை அணி அணியாக நிறுத்தி, பகடை உருட்டி, இரண்டு பேர் மோதுவர். பிரஷ்ய நாட்டு ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், 1824ல் இது போன்ற ஒரு விளையாட்டை, வரைபடத்தின் மீது தன் மேலதிகாரிகளுக்கு ஆடிக் காட்டினார். பின், அது ராணுவப் பயிற்சியாகவே ஆகிவிட்டது. இன்றும், வரலாற்றில் நடந்த போர்களைப் பலர் இப்படி மேஜையில் ஆடிப் பார்க்கின்றனர்.

ஒரு கற்பனை செய்வோமா? மேஜையின் இந்தப் பக்கம் நீங்கள். உங்களிடம் ரோமானியப் படை. எதிரே ஒருவர் வந்து உட்காருகிறார். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொரு கண், மேஜையைப் பார்க்கவில்லை. உங்களையே உற்றுப் பார்க்கிறது. அவர் தான் கார்தேஜ் நாட்டுத் தளபதி ஹன்னிபால்!

ஆட்டத்தைத் துவங்கும் முன், அவர் யார் என்று தெரிந்து கொள்ளுங்கள்.

ஒன்பது வயது சபதம்!

இன்றைய துனீசியா நாட்டின் கடற்கரையில் இருந்தது கார்தேஜ் நகரம். கப்பல் வணிகத்தில் செழித்த ஊர். அங்கே, கி.மு., 247ல் பிறந்தார் ஹன்னிபால். அப்போது, சிசிலி தீவுக்காக ரோமும், கார்தேஜும் போரிட்டுக் கொண்டிருந்தன. கி.மு., 241ல் கார்தேஜ் தோற்றது. ஹன்னிபாலின் தந்தை ஹமில்கார் பார்கா, அந்தப் போரில் தளபதியாக இருந்தவர். தோல்வியை அவரால் மறக்கவே முடியவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, அவர் படையுடன் ஸ்பெயினுக்குக் கிளம்பினார். ஒன்பது வயது ஹன்னிபாலும் உடன் வர ஆசைப்பட்டான். மகனைப் பலிபீடத்தின் முன் நிறுத்திய தந்தை, ஒருநாளும் ரோமுக்கு நண்பனாக மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக் கொண்டாராம். நான்காம் வகுப்புப் படிக்கும் வயதில், பெரியவர்களின் பகை அந்தச் சிறுவனின் தோளில் ஏறிவிட்டது. அதன்பின் அவன் வளர்ந்தது எல்லாம், படை முகாம்களில் தான்.

கி.மு., 221ல், 26 வயதில் ஹன்னிபால் படைத்தலைவர் ஆனார். ரோமுடன் நட்பாக இருந்த சகுந்தம் என்ற நகரை, எட்டு மாதம் முற்றுகையிட்டுப் பிடித்தார். மீண்டும் போர் மூண்டது.

காவல் இல்லாத பக்கம்!

கடலில் ரோமானியர் கை ஓங்கி இருந்தது. அதனால் ஹன்னிபால் இத்தாலிக்கு வரமாட்டார். ஸ்பெயினிலேயே மடக்கி விடலாம் என்று கணக்குப் போட்டது ரோம். நீங்களும் அப்படித் தானே காய்களை நிறுத்தியிருப்பீர்கள்?

அவரோ, யாரும் காவல் வைக்காத ஆல்ப்ஸ் பனிமலை வழியாக, கி.மு., 218ல் வந்து இறங்கினார், அதுவும் யானைகளோடு! ரோன் ஆற்றைக் கடந்தபோது, அவரிடம் 37 யானைகள் இருந்தன. பெரிய மிதவைகள் கட்டி, அவற்றின் மேல் மண்ணைப் பரப்பி, தரை என்று நம்ப வைத்து, யானைகளை அக்கரை சேர்த்தனர்.

மலையைக் கடக்க 15 நாட்கள் ஆயின. பனி, வழுக்குப் பாறை, மலைவாசிகளின் தாக்குதல் என்று துன்பத்துக்கு மேல் துன்பம். ரோன் ஆற்றங்கரையில் 46 ஆயிரம் பேராக இருந்த படை, இத்தாலியில் இறங்கியபோது 26 ஆயிரமாகக் குறைந்திருந்தது. மேஜையில் பார்த்தால், இது ஒரே ஒரு நகர்த்தல் தான்!

சாப்பிடாதவர்கள் தோற்றார்கள்!

ரோமானியத் தளபதி செம்ப்ரோனியஸ், அவசரக்காரர். சீக்கிரம் புகழ் பெற வேண்டும் என்று துடிப்பவர். இதைத் தெரிந்து கொண்டார் ஹன்னிபால். டிசம்பர் மாதக் கடுங்குளிரில், விடியற்காலையில், ஒரு சிறு குதிரைப்படையை அனுப்பி, ரோமானியர் முகாமைச் சீண்டச் செய்தார்.

கோபத்தில் மொத்தப் படையையும் கிளப்பி விட்டார் செம்ப்ரோனியஸ். வீரர்கள் காலை உணவு கூடச் சாப்பிடவில்லை. வெறும் வயிற்றோடு, பனிக்கட்டி போல் சில்லிட்ட ட்ரெபியா ஆற்றில் இறங்கி, நடுங்கியபடி கரையேறினர். அங்கே ஹன்னிபாலின் வீரர்கள் நன்றாகச் சாப்பிட்டு, நெருப்பில் குளிர் காய்ந்து, உடம்பில் எண்ணெய் தடவி, தயாராக நின்றனர். அவரது தம்பி மாகோ, 2,000 வீரர்களுடன் ஓடைப் பள்ளத்தில் ஒளிந்திருந்து, பின்னால் இருந்து பாய்ந்தார். முடிவு என்ன என்று நீங்களே சொல்லி விடுவீர்கள்!

அடுத்த ஆண்டு, சதுப்பு நிலம் ஒன்றைக் கடக்கும்போது நோய் தாக்கி, ஹன்னிபாலின் ஒரு கண் போனது. ஆனாலும் ஓயவில்லை. ட்ராசிமேன் ஏரிக்கரையில், மூடுபனிக்குள் படையை ஒளித்து வைத்து, இன்னொரு அவசரக்காரரான பிளமினியசை வீழ்த்தினார்.

இப்போது புரிகிறதா, அவர் ஏன் உங்கள் முகத்தையே பார்க்கிறார் என்று? உங்களுக்கு எப்போது கோபம் வரும், எதற்கு ஆசைப்படுவீர்கள் என்று கண்டுபிடித்து விட்டால், ஹன்னிபாலுக்கு அது போதும்.

ஆட மறுத்தவர்!

இப்படிப்பட்டவருடன் எப்படி விளையாடுவது? பேபியஸ் என்ற முதியவர் ஒரு வழி கண்டார், விளையாடாமல் இருப்பது!

ஹன்னிபால் சமவெளியில் நின்றால், பேபியஸ் படை மலை மேல் நிற்கும். எவ்வளவு சீண்டினாலும் இறங்காது. உணவு தேடிப் பிரிந்து செல்லும் சிறு கூட்டங்களை மட்டும் மடக்கும். ஊரை விட்டு வெகுதூரம் வந்துவிட்ட படைக்கு, நாளாக நாளாகச் சோர்வு தானே வரும்? ஹன்னிபாலும் விடவில்லை. மற்றவர் வயல்களை எல்லாம் எரித்து, பேபியஸ் நிலத்தை மட்டும் விட்டு வைத்தார். பேபியஸ் மீதே ரோமானியருக்குச் சந்தேகம் வரட்டும் என்று தான்!

பொறுமை இழந்தது ரோம். பேபியஸ் பதவிக்காலம் முடிந்தபின், ஹன்னிபாலை ஒரேயடியாக நசுக்க, 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைத் திரட்டியது. ஹன்னிபாலிடம் இருந்தது 50 ஆயிரம் பேர். கி.மு., 216, ஆகஸ்ட் 2ல், கன்னே என்ற இடத்தில் இரு படைகளும் மோதின.

தன் அணியின் நடுப்பகுதியை முன்னால் தள்ளி, பிறை நிலா போல் வளைத்து நிறுத்தினார் ஹன்னிபால். ரோமானியர் முட்டி மோத, நடுப்பகுதி மெல்ல மெல்லப் பின்வாங்கியது. வெற்றி என்று நினைத்து, உள்ளே உள்ளே போனது ரோமானியப் படை. இரு பக்கமும் நின்ற ஆப்பிரிக்க வீரர்கள் உள்பக்கம் திரும்பினர். குதிரைப்படை சுற்றி வந்து, பின்பக்கத்தை அடைத்தது. சாக்கு மூட்டையின் வாயைக் கட்டியது போல் ஆகிவிட்டது! நெரிசலில் வாளை ஓங்கக் கூட இடமில்லை. அன்று மாலைக்குள், ஏறத்தாழ 50 ஆயிரம் ரோமானியர் இறந்தனர்.

கற்றுக் கொண்ட இளைஞன்!

இத்தோடு ரோம் பணிந்துவிடும் என்று எதிர்பார்த்தார் ஹன்னிபால். அது பணியவில்லை, சமாதானம் பேசவும் மறுத்தது. அடிமைகளைக் கூடச் சேர்த்து புதிய படை திரட்டியது. மறுபடியும் பேபியசின் பொறுமை வழிக்கே திரும்பியது. ஹன்னிபால் இன்னும் 13 ஆண்டுகள் இத்தாலியில் சுற்றினார். ரோம் நகரைப் பிடிக்கவே முடியவில்லை.

கன்னே போரில் உயிர் தப்பியவர்களில் ஒருவர், ஸ்கிபியோ என்ற இளைஞர். தன்னைத் தோற்கடித்தவரின் தந்திரங்களை, பாடம் போல் படித்தார். பின், தளபதியாகி, படையுடன் கார்தேஜ் மண்ணிலேயே இறங்கினார். ஹன்னிபாலை ஊருக்குத் திரும்ப அழைத்தது கார்தேஜ்.

சாமா என்ற இடத்தில், கி.மு., 202ல் இருவரும் எதிரெதிரே நின்றனர். போருக்கு முன், ஸ்கிபியோவை நேரில் சந்தித்து சமாதானம் பேசினார் ஹன்னிபால். ஒன்பது வயதில் சபதம் எடுத்தவர், போர் வேண்டாம் என்று கேட்டார்! உடன்பாடு ஏற்படவில்லை.

ஹன்னிபால், 80 யானைகளை ஏவினார். ஸ்கிபியோ, தன் அணிகளுக்கு நடுவே சந்து சந்தாக வழி விட்டிருந்தார். எக்காளச் சத்தத்தில் யானைகள் மிரண்டன. சில, சொந்தப் படை மீதே திரும்பின. மற்றவை அந்தச் சந்துகளில் ஓடி மறைந்தன. கடைசியில், ரோமானியரின் குதிரைப்படை சுற்றி வந்து, பின்னால் இருந்து தாக்கியது. ஹன்னிபாலின் கன்னே பாடம், அவருக்கே திரும்பி வந்தது!

பெட்டிக்குள் திரும்பாத வீரர்கள்!

தோற்ற நாட்டைக் கைவிடவில்லை அவர். ஆட்சிப் பொறுப்பேற்று, அரசுப் பணத்தைச் சுருட்டியவர்களைப் பிடித்தார். எதிரிகள், அவரைப் பற்றி ரோமிடம் கோள் மூட்டினர். ஊரை விட்டு ஓடி, அரசர் அரசராக அடைக்கலம் தேடினார். கடைசியில், இன்றைய துருக்கியில் இருந்த பித்தினியா நாட்டில், ரோமானியர் பிடிக்க வந்தபோது, விஷம் அருந்தி இறந்தார். அது, கி.மு., 183ம் ஆண்டு வாக்கில். 60 வயதைத் தாண்டியிருந்தார்.

குட்டீஸ்... மேஜையில் அவரோடு ஆடினால், பத்து முறை தோற்றாலும் கவலை இல்லை. அவசரப்படாமல் இருக்க பேபியசிடமும், தோல்வியில் இருந்து கற்க ஸ்கிபியோவிடமும் பாடம் கேட்கலாம். ஆட்டம் முடிந்ததும், பொம்மை வீரர்களை எல்லாம் எண்ணிப் பெட்டியில் வைத்து, நாளை மீண்டும் எடுக்கலாம். கன்னே வயலில் விழுந்த வீரர்களை, அப்படி யாராலும் எழுப்பி நிறுத்த முடியவில்லை. போரை மேஜையோடு வைத்துக் கொள்வதே நல்லது. சரி தானே?